தேதியும் இடமும் ஒரே பக்கத்தில்

(வல்லத்தில் நடந்த கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)



நான் பத்தாவது வரைக்கும் படிச்சவ. வீடு, மாடு, ஒன்றரை ஏக்கர் மல்லாட்டைக் கொல்லை, குழு. இதுக்குள்ளதான் என் பொழுது போகுது. எனக்குப் பேசச் சொல்லிக் கொடுத்த தலைப்பு "மகளிரும் கைப்பேசியும்". அது ரொம்பப் பெரிய தலைப்பு. நான் அதுல ஒரு சின்ன மூலையை மட்டும் எடுத்துக்கறேன். போனைத் திறந்ததும் வர்ற முதல் பக்கத்துல, இந்த வாரம் எனக்கு என்னென்ன வேலை, அது எந்த ஊர்ல, அங்க எப்படிப் போறது, இந்த மூணும் தெரியற மாதிரி வெச்சுக்கறது எப்படி? அவ்வளவுதான் என் பேச்சு.

முதல்ல நம்ம வீட்டுச் சுவத்துல மாட்டியிருக்கிற காலண்டரைப் பத்திச் சொல்றேன். நகைக்கடையிலயோ மளிகைக் கடையிலயோ தை மாசத்துக்கு முன்னாடியே வாங்கிட்டு வந்து மாட்டிடுவோம். அதுல அமாவாசை, பௌர்ணமி, முகூர்த்த நாள் எல்லாம் அச்சடிச்சிருக்கும். நாம எழுதறது வேற. பால்காரர் கணக்கு, காஸ் சிலிண்டர் மாத்தின தேதி, மாட்டுக்கு ஊசி போட்ட தேதி, பொண்ணு வயசுக்கு வந்த தேதி, சீட்டுப் பணம் கட்ட வேண்டிய தேதி. ஒரு வீட்டோட காலண்டரைப் பார்த்தா அந்த வீட்டுப் பொம்பள மனசுல எத்தனை பாரம் இருக்குன்னு கண்டுபிடிச்சிடலாம். அந்தக் காலண்டரை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனா அது சுவத்துலயே தொங்குது. நான் கொல்லையில இருக்கும்போது, பஸ்ஸுல இருக்கும்போது அது என் கூட வராது. ராத்திரி வந்து பார்த்தா "அடடா, இன்னிக்கு ஆச்சே"ன்னு தலையில கை வைக்கிறவங்க நம்மல்ல எத்தனை பேர்!

தர்மபுரி மாவட்டத்துல 1989ல முதன்முதலா மகளிர் குழு ஆரம்பிச்சப்ப யார் கையிலயும் செல்போன் கிடையாது. ஊக்குநர் வீடு வீடா நடந்து போய்தான் கூட்டத்துக்குக் கூப்பிடுவாங்க. அப்ப குழுவுக்கு இருந்த வேலை வாரச் சேமிப்பு, உள்கடன், நோட்டு எழுதறது. இப்ப அப்படியா? என் மாசத்தையே எடுத்துக்கங்க. வாரா வாரம் குழுக் கூட்டம். மாசத்துக்கு ஒருதரம் ஊராட்சி அளவிலான கூட்டமைப்புக் கூட்டம். வங்கிக் கடன் தவணை ஒரு தேதி. தையல் பயிற்சி, ஆடு வளர்ப்புப் பயிற்சி, கணக்கர் பயிற்சின்னு ஒண்ணு மாத்தி ஒண்ணு. அதோட வீட்டுத் தேதிகள். இதுல தேதி மட்டும் மாறல, இடமும் மாறிக்கிட்டே இருக்கு. ஒரு பயிற்சி ஒன்றிய அலுவலகத்துல, அடுத்தது செஞ்சியில, அதுக்கடுத்தது விழுப்புரத்துல. "எப்ப"ன்னு தெரிஞ்சாலும் "எங்க"ன்னு தெரியாம நின்னுடறோம்.

அந்த "எங்க"தான் நம்மள வீட்டு ஆம்பளைங்கள எதிர்பார்க்க வைக்குது. 2021 மே மாசத்துலேர்ந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸுல நமக்கு டிக்கெட் கிடையாது. காசு ஒரு தடையா இருந்தது, அது போச்சு. வழி தெரியலங்கற தடை அப்படியே இருக்கு. பஸ் ஏறத் தெரியும். எங்க எறங்கணும், எறங்கி எந்தப் பக்கம் நடக்கணும், அதுதான் பயம்.

எங்க குழுவுல ஒரு அக்கா. அம்பது வயசுக்கு மேல. பேர் சொல்ல மாட்டேன், ஆனா இந்த விஷயத்தைச் சொல்லச் சொல்லி அவங்களே எனக்கு அனுமதி குடுத்திருக்காங்க. பத்து வருஷமா சர்க்கரை. கண்ணுக்குள்ள ரத்தக் கசிவுன்னு சொல்லி, புதுச்சேரியில ஒரு கண் ஆஸ்பத்திரியில பார்த்துக்கிட்டு இருந்தாங்க. சர்க்கரையால போற பார்வை திரும்பி வர்றது கஷ்டம், போகாம காப்பாத்தலாம், அதுக்குச் சொன்ன தேதியில வந்து பார்க்கணும்னு டாக்டர் சொல்லியிருக்காங்க. அவங்க பையன்தான் வண்டியில கூட்டிட்டுப் போவான். அவனுக்கு ஒரகடம் பக்கம் கம்பெனியில வேலை கிடைச்சுப் போயிட்டான். ஒரு தேதி போச்சு. அடுத்த தேதியும் போச்சு. பையனுக்கு லீவு இல்ல, மருமகளுக்குக் கைக்குழந்தை. சீட்டு பீரோவுல பத்திரமா இருக்கு, அக்கா வீட்டுல இருக்காங்க. குழுவுல சேமிப்பு நோட்டைக் கிட்ட கொண்டுபோய்ப் பார்க்கறதைக் கவனிச்சுத்தான் நாங்க கேட்டோம். அப்பத்தான் சொன்னாங்க, "நான் தனியா எங்கம்மா போவேன்?"னு.

அந்த அக்கா போன்ல நாங்க வெச்சுக் குடுத்ததைத்தான் இப்ப உங்களுக்குச் சொல்லப் போறேன். நிதானமா சொல்றேன். போன் கையில இருக்கிறவங்க கூடவே செஞ்சு பாருங்க. கம்பெனிக்குக் கம்பெனி பட்டன் கொஞ்சம் இடம் மாறும், பயப்படாதீங்க.

போன்ல கூகுள் காலண்டர்னு ஒரு செயலி இருக்கும். பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்ல வாங்கும்போதே இருக்கு, இல்லன்னா பிளே ஸ்டோர்ல காசு இல்லாம கிடைக்கும். அதைத் திறந்தா கீழே வலது பக்கம் ஒரு கூட்டல் குறி. அதைத் தொட்டு "ஈவென்ட்" எடுத்தா பேர் கேட்கும். எழுத வராதவங்க கீபோர்டுல மைக் படம் இருக்கும், அதைத் தொட்டுத் தமிழ்லயே பேசுங்க, அதுவே எழுதிக்கும். "கண் ஆஸ்பத்திரி"ன்னு சொன்னா கண் ஆஸ்பத்திரின்னு வரும். அப்புறம் தேதி, நேரம். அதுக்குக் கீழே "ஆட் லொக்கேஷன்"னு ஒரு வரி. நம்மல்ல நிறைய பேர் இந்த வரியைத் தொடாம விட்டுடறாங்க. தேதி போட்டாச்சுன்னு சேவ் பண்ணிடுவாங்க. அந்த வரியில இடத்தைப் போட்டாத்தான் காலண்டரும் மேப்பும் கை கோக்கும்.

அடுத்தது நினைவூட்டல். நாம எதுவும் மாத்தலன்னா அரை மணி நேரத்துக்கு முன்னாடிதான் மணி அடிக்கும். டவுன்ல இருக்கிறவங்களுக்கு அது போதும். நமக்கு? அரை மணிக்கு முன்னாடி அடிச்சா திண்டிவனம் பஸ்ஸையே பிடிக்க முடியாது. அதனால முதல் நாள் ஒருதரம், அன்னிக்கு மூணு மணி நேரத்துக்கு முன்னாடி ஒருதரம்னு ரெண்டு வெச்சுக்கங்க. முதல் நாள் மணி எதுக்குன்னா, மாட்டுக்குத் தீனி அறுத்து வைக்கணும், பக்கத்து வீட்டுல சொல்லணும், சில்லறை பார்க்கணும்.

குழுக் கூட்டத்துக்கு ஒவ்வொரு வாரமும் புதுசா போட வேண்டியதில்ல. "ரிப்பீட்" எடுத்தா வாரா வாரம்னு ஒரே தடவையில போட்டுடலாம். மாசத்துல ரெண்டாவது செவ்வாய்னு கூடப் போடலாம். ஒண்ணு மட்டும் அதுக்கு வராது, அமாவாசை. மேல்மலையனூர் போறவங்க நம்மல்ல எத்தனையோ பேர். அமாவாசை இங்கிலீஷ் தேதிக்குக் கட்டுப்படாது, கிழமைக்கும் கட்டுப்படாது. சுவத்துக் காலண்டரைப் பார்த்து ஒவ்வொரு அமாவாசையா நாமதான் போட்டுக்கணும். அதனாலதான் சொன்னேன், சுவத்துக் காலண்டரைக் கழட்டிடாதீங்கன்னு.

இப்ப இதை முதல் பக்கத்துக்குக் கொண்டு வரணும். போன் முகப்புல படம் எதுவும் இல்லாத காலி இடத்துல விரலை அழுத்திப் பிடிங்க. "விட்ஜெட்ஸ்"னு வரும். விட்ஜெட்னா வேற ஒண்ணுமில்ல, வீட்டுக்குள்ள போகாம திண்ணையிலயே உட்கார்ந்து பேசற மாதிரி. செயலியைத் திறக்காமலே அதுல இருக்கிறது வெளியில தெரியும். அதுல காலண்டரைத் தேடி, ரெண்டு மூணு வகை இருக்கும், "ஷெட்யூல்"னு இருக்கிறதை எடுத்து வைங்க. மாசம் முழுக்கக் காட்டறது ஒண்ணு இருக்கு, அதுல எழுத்து ரொம்பப் பொடிசு. ஷெட்யூல்ல இன்னிக்கு, நாளைக்கு, மறுநாள்னு வரிசையா பட்டை பட்டையா வரும். ஒவ்வொரு பட்டைக்கும் நிறம் மாத்தலாம். எழுத்து தெரியாத பெரியம்மாக்களுக்கு இது ரொம்ப உதவி. எங்க குழுவுல பச்சைன்னா கூட்டம், சிவப்புன்னா ஆஸ்பத்திரி, மஞ்சள்னா பணம் கட்டறதுன்னு பேசி வெச்சிருக்கோம். படிக்கத் தெரியாத ஒரு பெரியம்மா போனைத் தூக்கிக் காட்டி "நாளைக்கு மஞ்சளா இருக்கே, யார் யார் கட்டல?"ன்னு கேட்கறாங்க. அதுக்கு மேல எனக்கு என்ன வேணும்!

அந்தப் பட்டையைத் தொட்டா அந்த வேலையோட பக்கம் திறக்கும். அதுல இடத்தோட பேரைத் தொட்டா மேப் திறக்கும். ரெண்டு தொடல். பட்டையிலயே நேரா மேப் பட்டன் இருந்தா நல்லா இருக்குமேன்னு நானும் தேடிப் பார்த்தேன், அந்த விட்ஜெட்டுல அது கிடையாது. அதுக்கு ஒரு மாற்று வழி இருக்கு. அடிக்கடி போற இடத்துக்கு மேப்புல வழி கேளுங்க, வழி வந்ததும் மேலே மூணு புள்ளி தெரியும், அதைத் தொட்டா அந்த வழியை ஹோம் ஸ்கிரீன்ல சேர்க்கறதுக்கு ஒரு வரி என் போன்ல வந்தது. சேர்த்தா சின்னப் படமா முகப்புக்கு வந்துடும். அதைக் காலண்டர் பட்டைக்குப் பக்கத்துலயே இழுத்து வெச்சுட்டேன். தேதி இந்தப் பக்கம், வழி அந்தப் பக்கம். அந்த அக்கா போன்லயும் அப்படித்தான். ஒரே ஒரு படம், ஆஸ்பத்திரிக்கு.

இப்ப நம்ம ஊர்ப் பேருக்கு வர்றேன். இதைக் கவனமா கேளுங்க. இடத்துல "வல்லம்"னு மட்டும் போட்டா போனுக்கு எந்த வல்லம்னு எப்படித் தெரியும்? தஞ்சாவூர் பக்கத்துல ஒரு வல்லம் இருக்கு. தென்காசி பக்கத்துல ஒண்ணு. செங்கல்பட்டு பக்கத்துல குகைக் கோயில் இருக்கிற வல்லம் ஒண்ணு. ஸ்ரீபெரும்புதூர்கிட்ட சிப்காட் இருக்கிற வல்லம் ஒண்ணு. நாம நம்ம ஊர் ஒண்ணுதான் வல்லம்னு நெனச்சுக்கிட்டு இருக்கோம். எங்க குழுப் பொண்ணு ஒருத்தி கூட்டமைப்புக் கூட்டத்துக்கு இடம் போட்டா, வழி கேட்டா இருநூறு கிலோமீட்டர் காட்டுது. எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சோம். பரவாயில்ல, அவளுக்கு ஊர் தெரியும். ஆனா வெளியூர்லேர்ந்து நம்ம கூட்டமைப்புக்குப் பொருள் வாங்க வர்ற வியாபாரிக்கு இதே மாதிரி அனுப்பியிருந்தா? அதனால எப்பவும் "வல்லம், செஞ்சி வட்டம், விழுப்புரம்"னு சேர்த்துத் தேடுங்க. போட்டு முடிச்சதும் ஒருதரம் தொட்டு, மேப்புல நம்ம ஏரி, நம்ம ரோடு தெரியுதான்னு பார்த்துட்டு அப்புறம் விடுங்க.

செஞ்சிக் கோட்டைன்னு தேடினா உடனே வரும். 2025ல யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியல்ல சேர்ந்த இடமாச்சே. ஆனா நம்ம குழுக் கூட்டம் நடக்கிற வேப்பமரத்தடியைத் தேடினா வராது. அதுக்கு அந்த இடத்துக்கே போய் நின்னு, மேப்பைத் திறந்து, அந்த இடத்துல விரலை அழுத்திப் பிடிக்கணும். சிவப்பு ஊசி ஒண்ணு விழும். கீழே எழுத்தும் நம்பரும் கலந்து ஒரு கோடு வரும், பிளஸ் கோடுன்னு பேர். தெருப் பேர், கதவு நம்பர் இல்லாத இடத்துக்கு அதுதான் விலாசம். அதைக் காப்பி பண்ணிக் காலண்டர்ல லொக்கேஷன் வரியில ஒட்டிடுங்க. இல்லன்னா வாட்ஸ்அப்புல "லொக்கேஷன்" எடுத்துக் குழுவுக்கு அனுப்பிடுங்க, தொட்டா மேப் வந்துடும்.

பெரிய ஆஸ்பத்திரிக்கு இன்னும் ஒரு கவனம் வேணும். பஸ்ஸுல போறவங்க ஆஸ்பத்திரி பேரை மட்டும் வெச்சாப் போதாது, எறங்கற ஸ்டாப்பை வைங்க. இப்ப ஜிப்மர் இருக்கு. திண்டிவனத்துலேர்ந்து புதுச்சேரி போற பஸ்ஸுக்கு அது கோரிமேட்டுலயே வந்துடும், பஸ் ஸ்டாண்டுக்கு முன்னாடி. அரவிந்த் கண் ஆஸ்பத்திரி தவளக்குப்பத்துல, கடலூர் ரோட்டுல, ஊரைத் தாண்டி அந்தப் பக்கம். ரெண்டும் "பாண்டிச்சேரி ஆஸ்பத்திரி"தான் நம்ம பேச்சுல. ஒண்ணுக்கு முன்னாடியே எறங்கணும், இன்னொண்ணுக்கு பஸ் ஸ்டாண்டு போய் வேற பஸ் மாறணும். நம்ம விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியும் விழுப்புரம் டவுனுக்குள்ள இல்ல, முண்டியம்பாக்கத்துல இருக்கு. இதெல்லாம் தெரியாம பஸ் ஸ்டாண்டுல எறங்கி ஆட்டோவுக்கு அழற காசுக்கு ஒரு வாரச் சேமிப்பு கட்டிடலாம்.

பஸ்ஸுல உட்கார்ந்து மேப்பைத் திறந்து வெச்சா நாம நீலப் புள்ளியா நகர்ந்துகிட்டே இருப்போம். புள்ளி ஆஸ்பத்திரிகிட்ட நெருங்கும்போது எழுந்து படிக்கட்டுகிட்ட வந்து நிக்கலாம். நெட் இல்லன்னா என்ன பண்றதுன்னு கேட்பீங்க. புள்ளி நகர்றதுக்கு நெட் வேண்டியதில்ல, அது வானத்துல சுத்தற செயற்கைக்கோளைப் பார்த்து நகருது. படம் வர்றதுக்குத்தான் நெட் வேணும். அதுக்கு வீட்டுல நெட் இருக்கும்போதே மேப்புல நம்ம படத்தைத் தொட்டு, "ஆஃப்லைன் மேப்ஸ்" எடுத்து, திண்டிவனம், புதுச்சேரி, விழுப்புரம் எல்லாம் ஒரு கட்டத்துக்குள்ள வர்ற மாதிரி இழுத்து டவுன்லோடு பண்ணி வெச்சுக்கங்க. பஸ் நேரமெல்லாம் அதுல வராது, இடம் தெரியும்.

வழி கேட்கிறதுக்கு வெட்கப்படறவங்க இதைக் கேளுங்க. இந்த நாட்டையே முறையா அளக்க ஆரம்பிச்சது 1802ல நம்ம சென்னை பரங்கிமலைப் பக்கத்துலேர்ந்துதானாம், வெள்ளைக்காரர் லாம்டன் சங்கிலி போட்டு அளந்தாராம். என் பொண்ணு சொன்னா. அவங்களுக்கே அத்தனை வருஷம் ஆச்சு வழி கண்டுபிடிக்க!

இப்ப கொஞ்சம் கசப்பான விஷயம். வாட்ஸ்அப்புல லொக்கேஷன்ல ரெண்டு வகை. ஒண்ணு, நான் இப்ப இருக்கிற இடத்தை ஒரே தடவை அனுப்பறது. இன்னொண்ணு லைவ் லொக்கேஷன், கால் மணி, ஒரு மணி, எட்டு மணி நேரம் நான் எங்க போறேன்னு கூடவே காட்டிக்கிட்டு இருக்கும். ராத்திரி பஸ்ஸுல தனியா வரும்போது தங்கச்சிக்கோ பொண்ணுக்கோ லைவ் அனுப்பினா பாதுகாப்பு. நான் அதை வேண்டாம்னு சொல்ல மாட்டேன். ஆனா சில வீட்டுல இப்ப புதுசா ஒரு பழக்கம். "பயிற்சிக்குப் போறியா, எட்டு மணி நேரம் லைவ் போடு"ன்னு. டீ குடிக்க ரோட்டுக்கு அந்தாண்ட போனாக்கூட போன் வருது. அது பாதுகாப்பு இல்லம்மா. வழி தெரியணும்னு நாம மேப்பை வெச்சுக்கிட்டா, அதையே கயிறா திருப்பிக் கட்டக் கூடாது. யாருக்கு, எவ்வளவு நேரம் காட்டணும்னு முடிவு பண்ற பட்டன் நம்ம போன்லதான் இருக்கு. "ஸ்டாப் ஷேரிங்"னு இருக்கும். அது எங்க இருக்குன்னு தெரிஞ்சு வெச்சுக்கங்க. இதுல என் கருத்து ஒத்துக்காதவங்க இருக்கலாம், குழுவுல பேசுவோம்.

அப்புறம், வங்கி ரகசிய எண்ணு, ஓ.டி.பி., ஏ.டி.எம். நம்பர் எதையும் காலண்டர்ல எழுதாதீங்க. முகப்புல இருக்கிறது போனை எடுக்கறவங்க எல்லார் கண்ணுலயும் படும். "தவணை" வரைக்கும் போதும், எவ்வளவுன்னு போட வேண்டாம். தீர்மான நோட்டுக்கு இது மாத்து இல்ல. வருகை, சேமிப்பு, கடன், தீர்மானம் எல்லாம் பேப்பர்லதான், கையெழுத்தோடதான். பஞ்ச சூத்திரத்துல முறையான கூட்டம்னு ஒண்ணு சொல்றாங்களே, அதுக்கு ஆள் வந்து சேர்றதுக்கு மட்டும்தான் இந்த போன்.

அந்த அக்கா விஷயத்தைப் பாதியில விட்டுட்டேன். முதல் தடவை நான் கூடப் போனேன், போன் அவங்க கையில, நான் வாயைத் திறக்கல. ரெண்டாவது தடவை திண்டிவனம் வரைக்கும் ஒருத்தி போய் பஸ் ஏத்தி விட்டா. மூணாவது தடவை அவங்களே போயிட்டு வந்தாங்க. கண்ணுல ஊசி போட்டிருக்காங்க. வலது கண்ணு இருக்கிறது இருக்கிற மாதிரி நிக்குது, இடது கண்ணுல போனது போனதுதான். அடுத்த தேதி முகப்புல சிவப்பாப் போட்டு வெச்சிருக்காங்க. முன்வரிசையில உட்கார்ந்திருக்காங்க, என்னைப் பார்த்துச் சிரிக்கறாங்க.

சாப்பாட்டுக்கு அப்புறம் நானும் எங்க குழுப் பொண்ணுங்க நாலு பேரும் சமையல் கொட்டாய்க்குப் பின்னாடி புங்கமரத்தடியில உட்கார்ந்திருப்போம். போன்ல சார்ஜ் இருக்கிறவங்க, கையில ஆஸ்பத்திரிச் சீட்டோ தவணைச் சீட்டோ இருக்கிறவங்க வாங்க. ஜி-மெயில் பாஸ்வேர்டு பையனுக்குத்தான் தெரியும்னா, இப்பவே போன் பண்ணிக் கேட்டு வெச்சுக்கங்க.